நெற்றியில் போடாத சிலுவை

போன் முதல் தடவை அடித்தபோது நான் மீன்காரரின் சைக்கிளைத் தாண்டிக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. நெஞ்சில் ஆண்டவரை வைத்துக்கொண்டு போகும்போது நான் போன் எடுப்பதில்லை.

இரண்டாவது தடவை அடித்தபோது சால்வைக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்தேன். மகள் நிரோமியின் எண். வெட்டினேன்.

வெட்டியதில் எனக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது. காலையில் சண்டை பிடித்துவிட்டுப் போனவள், மன்னிப்புக் கேட்க எடுக்கிறாள், காத்திருக்கட்டும் என்று நினைத்தேன்.

மூன்றாவது தடவை எடுத்தேன். ஓர் ஆண் குரல். இந்தப் பிள்ளையின் அம்மாவா என்று சிங்களத்தில் கேட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்னதில் பஸ், பைக், தலை, பெரியாஸ்பத்திரி என்ற நான்கு சொற்கள்தான் காதில் ஏறின. இருபத்தைந்து வருடமாகக் கொழும்புக் கோட்டையில் ஒரு சரக்கு அலுவலகத்தில் பாதி நாளைச் சிங்களத்திலேயே கழிக்கிறவள் நான். அந்த நிமிடம் அந்த மொழி என்னைவிட்டுப் போய்விட்டது. கடைசியில் அவர், "பய வென்ன எபா, அம்மே" என்றார். பயப்படாதீர்கள் என்று. அது மட்டும் முழுதாக விளங்கியது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

இந்தத் தொடரில் மகளைப் பற்றி எழுத மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இதை அவளே படித்துவிட்டு அனுப்பச் சொன்னாள். ஒரு வரியை மட்டும் வெட்டச் சொன்னாள். அது எதுவென்று பிறகு சொல்கிறேன்.

கழுத்தில் தொங்கும் சிமிழ்

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு ஏழரைப் பூசை முடிந்ததும் நாங்கள் ஆறு பேர் பீடத்தருகே போய் நிற்போம். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு நன்மை என்கிற நற்கருணையைக் கொண்டுபோகிறவர்கள். பங்குச் சுவாமி ஆளுக்கொரு பித்தளைச் சிமிழ் தருவார். தைல டப்பி அளவுதான் இருக்கும். அதற்குள் நற்கருணை அப்பம். எங்களுக்கு அதுதான் ஆண்டவர். சிமிழைச் சிறிய துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டி, மேலே வெள்ளைச் சால்வையைப் போர்த்திக்கொள்வோம்.

அதன் பிறகு வழியில் நிற்கக் கூடாது. கடைக்குப் போகக் கூடாது. யாரோடும் கதைக்கக் கூடாது. நேரே நோயாளியின் வீடு.

எங்கள் ஒழுங்கையில் இது எல்லோருக்கும் தெரியும். நான் ஒரு கையை நெஞ்சில் வைத்தபடி வந்தால் மீன்காரர் கூவுவதை நிறுத்துவார். மூலையில் பூ விற்கும் அம்மா சைவக்காரர். அவர் வானொலியைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம், "அவட ஆள் போறார்" என்பார். ஆண்டவருக்கு அந்த ஒழுங்கையில் அதுதான் பெயர்.

நான் இந்தப் பணிக்கு வந்ததும் மகளால்தான். எட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிறு, யாராவது நாலு பேர் முன்வாருங்கள் என்று சுவாமி கேட்டார். கோயில் முழுக்க எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். பக்கத்தில் இருந்த நிரோமிக்கு அப்போது பத்து வயது. என் முழங்கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள்.

"அம்மா வருவா, ஃபாதர்."

கை மேலே போய்விட்டது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இறக்க வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டுப் பக்தியின் தொடக்கம் இவ்வளவுதான்.

பெர்னாட் அண்ணனின் இடியப்பம்

எனக்குக் கிடைத்த நோயாளி பெர்னாட் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அறுபதைத் தாண்டிக் கொஞ்சம்தான். வலது பக்கம் வாதத்தில் விழுந்து, முகத்துவாரத்தில் ஒரு தொடர்மாடியின் மூன்றாவது மாடியில் கிடக்கிறார். "வாதம் கையைப் பிடிச்சுது, காலைப் பிடிச்சுது. வாயைக் கண்டு பயந்து திரும்பிப் போயிட்டுது" என்பார் அவருடைய மனைவி லில்லி அக்கா.

நோயாளிகள் நன்மை வாங்க முன் உபவாசம் இருக்கத் தேவையில்லை. சுவாமி நேரில் வந்தே சொல்லிப் பார்த்தார். பெர்னாட் அண்ணன் கேட்கவில்லை. ஞாயிறு காலையில் மாத்திரைக்குத் தண்ணீர் மட்டும்தான். நன்மை வாங்கிய பிறகுதான் இடியப்பம். கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சிலுவை, ஒரு மெழுகுதிரி. நான் படியேறும் சத்தம் கேட்டதும் லில்லி அக்கா திரியைக் கொளுத்துவார்.

எட்டு வருடத்தில் நான் பிந்தியதுண்டு. போகாமல் விட்டதில்லை.

அடையாள அட்டையும் சிலுவையும்

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும்.

வீட்டைவிட்டு யார் வெளிக்கிட்டாலும் பெருவிரலால் நெற்றியில் சிறிய சிலுவை போட்டு அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். என் அப்பா போடுவார். அவர் விரலில் எப்போதும் கிரீஸ் மணக்கும். கொழும்பில் தமிழர்களை மறித்து மறித்துச் சோதித்த காலத்தில், சிலுவையைப் போட்ட கையோடு, "ஐடென்டி எடுத்தியா?" என்று கேட்பார். ஒரே மூச்சில் இரண்டும் வரும். ஆமென் மாதிரி நான் "எடுத்தன்" என்பேன்.

அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் நிரோமிக்கு நான் போடும்போதும் அதே கேள்வி வந்துவிடுகிறது. கோயில்களில் குண்டு வெடித்த அந்த உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு விரலை இன்னும் அழுத்திப் போடுகிறேன். அன்று முதல் பல காலம், கோயில் வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போகும்போதெல்லாம் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். நான் பயந்த சுபாவம். பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் வாசலுக்கும் கேட்டுக்குமாக நடப்பேன்.

அன்று காலை அந்தச் சிலுவையை நான் போடவில்லை.

அந்தக் காலை

நிரோமி உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஞாயிறு எட்டரைக்கு வெள்ளவத்தையில் இரசாயனவியல் வகுப்பு வைத்துவிட்டார்கள்.

"பின்னேரப் பூசைக்குப் போறன் அம்மா" என்றாள்.

"டியூசனுக்கு நல்ல நேரம், ஆண்டவருக்கு மிச்ச நேரமா?"

"அவருக்கு சோதனை இல்ல அம்மா. எனக்கு இருக்கு."

கெட்டிக்காரத்தனமான பதில். வேறு வீட்டுப் பிள்ளை சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் குசினிக்குள் போய், பகல் சமையலுக்கு வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன். உரித்தேயாக வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. அவள் வாசலில் நின்று, "போயிட்டு வாறன்" என்றாள். நான் திரும்பாமல், "ம்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு கேட் சாத்தும் சத்தம்.

அதற்குப் பிறகு நான் கைகழுவிவிட்டுப் பூசைக்குப் போய், முன்வரிசையில் முழந்தாளிட்டேன்.

ஆஸ்பத்திரி வாங்கு

வெள்ளவத்தையில் பஸ் சரியாக ஓரம் கட்ட முன்பே இறக்கிவிட்டிருக்கிறார்கள். அவள் காலை வைக்கவும், இடது பக்கத்தால் நுழைந்த பைக் ஒன்று இடித்துவிட்டது. பாதை ஓரக் கல்லில் தலை அடிபட்டிருக்கிறது. இவ்வளவும் எனக்குப் பிறகு தெரிந்தவை.

நான் முச்சக்கர வண்டி பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். வழி முழுக்கக் கணவர் ஜெரோமுக்கு எடுத்தேன். அவருக்கு ஹெந்தளையில் ஒரு களஞ்சியசாலையில் வேலை, அன்று காலை முறை. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். எடுத்து எடுத்து என் போனின் சார்ஜ் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கெஞ்சி, களஞ்சியசாலைக்குச் செய்தி சொல்லி, அவர் வந்து சேர்வதற்குள் நடுப்பகலாகிவிட்டது.

அதுவரை நான் விபத்துப் பிரிவின் வாங்குப் பலகையில் தனியாக இருந்தேன். ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோயிருந்தார்கள். சுவரில் இருந்த ஈரக் கறையைப் பார்த்துக்கொண்டு, எங்கே இருக்கிறீர், எங்கே இருக்கிறீர் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிறு பிள்ளை அடம்பிடிப்பது போல அதையே திரும்பத் திரும்ப.

தாதி ஒருவர் வந்து ஒரு பொலித்தீன் பையைக் கொடுத்தார். நிரோமியின் சப்பாத்து, கடிகாரம், மெல்லிய சங்கிலி. சங்கிலி தொலைந்துவிடும் என்று என் கழுத்தில் மாட்டப்போனேன். விரலில் இன்னொரு கயிறு தட்டுப்பட்டது.

சிமிழ்.

காலையிலிருந்து அது என் நெஞ்சில்தான் கிடந்தது. முச்சக்கர வண்டியில் குலுங்கி, வாசலில் சனத்துக்குள் நெரிபட்டு, நான் எங்கே எங்கே என்று கேட்டதையெல்லாம் நாலு விரல் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டு.

இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா பயந்துபோய், நெஞ்சு நோகிறதா என்று கேட்டார். இல்லை, இங்கே ஒருவர் இருக்கிறார் என்று சொல்ல எனக்குச் சிங்களம் வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் தன் தண்ணீர்ப் போத்தலை என் மடியில் வைத்தார்.

இரண்டு மணி தாண்டித்தான் டொக்டர் கூப்பிட்டார். தலைக்குள் இரத்தக் கசிவு இல்லை. வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. நெற்றியில் நாலு தையல்.

இடது புருவத்துக்கு மேலே, நான் பெருவிரலை வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில். அந்தத் தையலைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ தீர்மானமாகிவிட்டது. நான் போடாமல் விட்ட இடத்தில்தான் அடிபட்டிருக்கிறது என்று.

நிரோமி கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் இன்னும் சால்வையோட இருக்கிறீங்க?"

நான் சால்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"பெர்னாட் அங்கிளிட்ட போகேல்லையா?" அவளுடைய நாக்கு மருந்தில் குழறியது. "அம்மா, அவர் சாப்பிடாம இருப்பார். போங்க. அப்பா இருக்கிறார்தானே."

இரண்டாவது திரி

மூன்று மாடியையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. நாலரை மணி. கதவைத் திறந்த லில்லி அக்கா தொடங்கிவிட்டார்.

"எங்க போயிட்டீங்க ரெஜினா? எத்தின தரம் போன் எடுத்தன். இந்த மனுசன் ஒரு பிஸ்கட் கூட வாயில வைக்கேல்ல. இடியப்பம் காஞ்சு கயிறாப் போச்சு." அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். நிறுத்தினார்.

மேசையில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. தட்டில் பழைய திரியின் உருகிய மெழுகு.

"இது ரெண்டாவது திரி" என்றார் பெர்னாட் அண்ணன். "மூண்டாவது தரமாட்டன் எண்டு லில்லி சொல்லிட்டா. நல்ல நேரம் வந்தீங்க."

முதலில் கதைக்கக் கூடாது. செபத்தைத் தொடங்கினேன். "உம்முடைய சித்தம்" என்ற இடத்துக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து மிச்சத்தைச் சொல்லி முடித்தார்கள். அப்பத்தைக் கையில் எடுத்துவிட்டு நீட்ட மறந்து நின்றேன். பெர்னாட் அண்ணன் தன் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாகத் தன் வாய்க்குக் கொண்டுபோனார்.

பிறகு நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஏதோ நடந்திட்டுது எண்டு தெரியும்" என்றார். "வெள்ளத்துக்குள்ளயும் வந்தனீங்க நீங்க. பத்து மணிக்கு லில்லியிட்டச் சொன்னன், இவ மறக்கிற ஆள் இல்ல, எங்கயோ மாட்டிக்கொண்டா, செபமாலையை எடு எண்டு."

"ஏழு செபமாலை" என்றார் லில்லி அக்கா. "என்ர முழங்காலைப் பாருங்க."

"என்ன கருத்துக்கு எண்டு தெரியாது. 'ரெஜினாவுக்கு என்னவோ, அதுக்கு' எண்டு சொல்லித்தான் ஒவ்வொண்டையும் தொடங்கினம்."

நான் அவரை முழுதாக மறந்துபோயிருந்த ஆறு மணி நேரமும் அவர் பசியோடு என்னை நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். இத்தனை காலமும் இந்த வீட்டுக்கு நான் எதையோ கொண்டுவருகிறேன் என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு தந்த துணிச்சலில், வேறு யாருக்கும் சொல்லாததை அவருக்குச் சொன்னேன்.

"அண்ணன், காலமை நான் அவளுக்குச் சிலுவை போடேல்ல. கோவத்தில."

"அதுக்கு?"

"அதுதான்."

அவர் கண்ணைத் திறந்தார். "இருவத்தெட்டு வருசம் ஹாபர் கேட்டில பாஸ் காட்டிப் போனவன் நான். பாஸ் இல்லாட்டி செக்யூரிட்டி விடமாட்டான். அது அவன்ர வேலை. ஆண்டவரை அந்த செக்யூரிட்டி எண்டு நினைச்சுக்கொண்டா எனக்கு இவ்வளவு காலமும் கொண்டுவந்து தாறீங்க?"

"சும்மா இருங்க. அவ அழுறா" என்றார் லில்லி அக்கா.

"அழட்டும். காலமையிலயிருந்து அழ எங்க நேரம் கிடைச்சிருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "லில்லி, இடியப்பத்தைக் கொண்டா. ரெண்டு தட்டில" என்றார்.

நானும் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காய்ந்த இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து, அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக வேறெதையும் சாப்பிட்ட ஞாபகம் இல்லை.

ஞாபகம் இல்லை

பெர்னாட் அண்ணனின் பேச்சு என்னைத் தேற்றியது என்று முடித்துவிட ஆசைதான். தேற்றவில்லை. படியிறங்கும் வரைக்கும்தான் தாங்கியது.

எங்கள் வீட்டில் பின்னேரம் ஏழு மணிக்குச் செபமாலை. முதல் பத்து மணிகளை நான் சொல்லித் தொடங்குவேன், இரண்டாவது பத்து ஜெரோம், மூன்றாவது நிரோமி. மூன்றாவதில் அவள் தூங்கிவிடுவாள். (வெட்டச் சொன்ன வரி இதுதான்.) விபத்துக்குப் பிந்திய அந்த வாரங்களில் என்னால் தொடங்கி வைக்க முடியவில்லை. ஜெரோம் தொடங்குவார். நான் பதில் மட்டும் சொல்வேன். வலது கையில் மாவுக்கட்டோடு இடது கையால் மணி உருட்டும் அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தெருவில் பைக் சத்தம் கேட்டால் மணி எண்ணிக்கை எனக்குத் தப்பிவிடும்.

ஒரு நாள் செபம் முடிந்து, ஜெரோம் வெளியே போன நேரம், அவளிடம் சொல்லிவிட்டேன்.

"அண்டைக்குக் காலமை நான் உனக்குச் சிலுவை போடாம விட்டுட்டன்."

அவள் யோசித்தாள். "போடேல்லையா? எனக்கு ஞாபகமே இல்லையே."

"எப்பிடி ஞாபகம் இல்லாமப் போகும்?" எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு மாதம் இதைச் சுமந்துகொண்டு திரிந்தவள் நான்.

"அம்மா, ஒவ்வொரு நாளும் போடுறீங்க. பிறந்ததிலயிருந்து போடுறீங்க. அதுக்குள்ள ஒண்டு குறைஞ்சா யாருக்குத் தெரியும்?" பிறகு, புத்தகத்தைத் திறந்துகொண்டு, "பைக்காரன் இடது பக்கத்தால வந்தான். அதுக்கு நீங்க என்ன செய்யிறது" என்றாள்.

அவள் சொன்னது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. அன்று கேட் சாத்த முன் கொஞ்ச நேரம் சத்தம் இல்லாமல் இருந்ததை நான் மறக்கவில்லை.

மாவுக்கட்டு வெட்டிய பிறகு

போன மாதம் மாவுக்கட்டை வெட்டினார்கள். அடுத்த ஞாயிறே வகுப்புக்குப் போகிறேன் என்றாள். பின்னேரப் பூசைக்கு நானும் அவளும் சேர்ந்து போவது என்று முடிவானது. காலையில் நான் போவது சிமிழுக்காக.

அன்றும் நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை கோபத்தில் இல்லை. வாசலில் போய் நிற்கப் பயமாக இருந்தது.

"போயிட்டு வாறன்" என்றாள்.

கேட் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தோளில் பையோடு, தலையைக் கொஞ்சம் குனிந்தபடி வாசலில் நின்றாள்.

"என்ன?"

"பஸ் போயிடும் அம்மா. கெதியா."

"கையில வெங்காயம்."

"பரவாயில்ல."

போட்டேன். பெருவிரலுக்குத் தையல் தழும்பு சிறிய நூல் மாதிரித் தட்டுப்பட்டது. "பஸ் நிண்ட பிறகு இறங்கு. இடது பக்கம் பாத்து இறங்கு. ஐடென்டி எடுத்தியா?"

"எடுத்தன்." மூக்கைச் சுளித்தாள். நெற்றியைத் துடைக்கவில்லை.

பூசை முடிந்து, சிமிழை மாட்டிக்கொண்டு நடந்தேன். மீன்காரர் கூவுவதை நிறுத்தினார். பூக்கடையில் வானொலி குறைந்தது. அந்த இடத்தில் போன் அடித்தது.

முதல் அடியிலேயே எடுத்தேன். அவள் பெயரைச் சொல்லிக் கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன். மீன்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இறங்கிட்டன் அம்மா" என்றாள். "வையுங்க. நீங்க இப்ப கதைக்கக் கூடாது."